திரைக்கு அடியில் ஒரு கை

பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த ஒரு சமையல்காரரின் வலது கைக்கு, பார்க்காமலே தன் நிலையை உணர ஒரு ரோபோ பயிற்சி கொடுக்க வந்தது. கைக்கு அது பிடிக்கவே இல்லை.

"எண்ணெய்ச் சட்டியை அநாயாசமாக இறக்கிய கை நான். நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கா தெரியாது? நாளைக்கே அடுப்படிக்குப் போய்விடுவேன்," என்றது.

ரோபோ அதை ஒரு திரையால் மூடி, மெல்ல அசைத்து, ஓரிடத்தில் நிறுத்தியது. "நீ எப்படி இருக்கிறாயோ, அப்படியே உன் தம்பி இடது கையையும் இருக்கச் சொல்."

"தம்பி, நேராக நீட்டிக்கொள்," என்றது வலது கை.

"நிச்சயமாகவா அண்ணே?" என்றபடி இடது கை நீட்டிக்கொண்டது.

ரோபோ திரையை விலக்கியது. வலது கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. தம்பி நேராக நீண்டிருக்க, தான் நெஞ்சோடு மடங்கிக் கிடந்தது.

"இப்போதுதானே என்னை மடக்கினாய்!" என்று ரோபோவைப் பார்த்துக் கத்தியது.

"இல்லை அண்ணே, திரையை விலக்கும்போது ரோபோ உன்னைத் தொடவே இல்லை," என்றது தம்பி.

நாளைக்கு இறக்கவிருந்த, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி வலது கையின் நினைவுக்கு வந்தது.

ரோபோ மறுபடியும் திரையைப் போட்டு, அதை வேறு இடத்தில் நிறுத்தியது. "இப்போது எப்படி இருக்கிறாய்?"

"தெரியவில்லை," என்றது கை.

"சரி, பயிற்சியை ஆரம்பிப்போம்," என்றது ரோபோ.