கதவைப் பார்த்து எடுத்த படம்

போட்டோக்காரர் கேமராவைக் கையில் எடுத்ததும் கூடத்தில் நின்ற பதினோரு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

பின்னே? எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதராயிற்றே!

வயதானால் வருகிற கண் கோளாறுதான். பார்வையின் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கிற இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்பது வருஷம் முகங்களைப் படம்பிடித்துப் பிழைத்தவருக்கு அது போதாதா? சவரம் போச்சு, சிரிப்பு போச்சு, பேச்சும் போச்சு. கண் டாக்டரே மனசு டாக்டருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

இன்று அவருடைய ஐம்பதாவது கல்யாண நாள். மனைவி நச்சரித்த நச்சரிப்பில் எழுந்து வந்துவிட்டார்.

அந்த அம்மாளோ கடைசி நிமிஷத்தில் அடுப்படிக்குள் ஓடிப் போய்வந்து வரிசையின் நடுவில் நின்றாள். மோவாயில் மாவு. துடைக்க வந்த மருமகளின் கையைத் தட்டிவிட்டாள்.

போட்டோக்காரர் கேமராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் கதவுப் பக்கம் திருப்பினார்.

"எல்லாரும் இங்க பாருங்க!"

சொன்ன பேச்சைத் தட்டாத குடும்பம். பத்துத் தலைகள் கதவுப் பக்கம் திரும்பின.

க்ளிக்.

பெரிய மகன் போய்க் கதவைத் திறந்தே பார்த்துவிட்டான். யாருமில்லை. கூடமே வயிறு வலிக்கச் சிரித்தது. போட்டோக்காரரும்தான்!

திரும்பாதவள் அவர் மனைவி மட்டும்.

ஆஸ்பத்திரியில் சொன்னதை அவள் மறக்கவில்லை. நடுப்பார்வைதான் போயிருக்கிறது, ஓரம் மிச்சம் இருக்கிறது, முகம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கப் பழகட்டும் என்றார்கள். ஊரையே நேராகப் பார்க்கச் சொன்னவர், கோணலாகப் பார்க்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தார். பழகினீர்களா என்று கேட்டால் எரிந்து விழுவார்.

அதனால் அவள் கேட்கவே இல்லை.

போட்டோக்காரர் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏம்மா, மோவாயில மாவு. தொடைச்சுக்க, இன்னொண்ணு எடுக்கறேன்."

முழங்கால் வலியை மறந்து அவள் ஒரு குதி குதித்தாள்.

அன்று வீட்டில் சமையலே கிடையாது. சாப்பாடு மொத்தமும் கடையிலிருந்து வந்திருந்தது. மாவு டப்பாவை அவள் இதற்கென்றே திறந்திருந்தாள்.