அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க

இன்னுங் கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. இது சத்தமாச் சொல்ற சங்கதி இல்லைங்க. பங்காரு காதுக்குப் போயிரப்படாது.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கொப்பரைக் களத்துல ஆறுச்சாமிதான் மேஸ்திரி. அவர் ஒரு விசில் அடிச்சார்னா காயப்போட்ட தேங்காய் மேல ஒரு காக்கா உக்காராது. ஒரே மகன் கதிரேசன், கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில லேத்து ஓட்டறான். நல்ல பையன்தான். சினிமான்னா மட்டும் மறை கழண்டுக்கும்.

பங்குனி பொறந்தாப் போதும், காலண்டர்ல சிவப்புப் பேனாவுல வட்டம் போட ஆரம்பிச்சுருவான். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் இல்லைங்க. கோடையில எந்தப் படம் எந்தத் தேதிக்கு வருதுன்னு.

"விசிலடிச்சான் குஞ்சு"ன்னு ஆறுச்சாமி திட்டாத நாளில்லை.

இந்த வருசம் அவனுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. நாள் குறிக்கப் பொண்ணூட்டுக்குப் போயிருந்தாங்க. ஜோசியர் விரல் விட்டு எண்ணினார்.

"வைகாசி ஒம்பது, வெள்ளிக்கிழமை. இதை உட்டா ஆனியில ஒண்ணு இருக்குது. ஆனா இந்த அளவுக்கு விசேஷமில்லை."

"வைகாசியிலயே முடிச்சுப்போடலாமுங்க"ன்னார் பொண்ணோட அப்பா பங்காரு.

கதிரேசன் தொண்டையைச் செருமினான்.

"அந்த வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க மாமா. அன்னைக்கு எங்காளு படம் வருதுங்க."

வெத்தலை மென்னுட்டு இருந்த வாயெல்லாம் அப்படியே நின்னு போச்சு. ஆறுச்சாமிக்கு மூஞ்சியைக் கொண்டு போய் எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

"டேய், காலையில தாலி கட்டிப்போட்டுச் சாயங்காலம் போய்ப் பாருடா!"

"முதல் காட்சி பார்க்கோணுமுங்கப்பா. சாயங்காலம் பார்த்தா அது பழைய படமுங்க."

பங்காரு காபித் தம்ளரை நங்குனு கீழ வெச்சார்.

"நல்லா இருக்குதுங்க சம்பந்தி. எம்புள்ளை இனியா, பரீட்சை எழுதறேன், வேலைக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நின்னா. ஒரு பரீட்சையும் வேண்டாம், மொதல்ல கழுத்துல தாலி ஏறட்டும்னு மறிச்சு வெச்சிருக்கறேன். இங்க என்னடான்னா மாப்பிள்ளை சினிமாவுக்கு நாள் பார்க்கறாரு."

கதவோரம் நின்ன இனியா மூஞ்சியில மட்டும் கோவத்தையே காணோம். 'இதுவும் அதுக்கேத்த ஜோடிதானாட்ட இருக்குது'ன்னு ஆறுச்சாமிக்கு இன்னும் வயிறெரிஞ்சுது.

கையைக் காலைப் புடிச்சுக் கல்யாணத்தை ஆனிக்குத் தள்ளி வெச்சுட்டு வந்தாங்க.

பத்து நாள் கழிச்சு டிவியில சேதி சொன்னாங்க, அந்தப் படம் தள்ளிப் போச்சாமா.

ஆறுச்சாமி துள்ளி எந்திரிச்சார். "ஒழிஞ்சுதுடா சனியன்! இப்பவே பங்காருக்குப் போன் போட்டு வைகாசிக்கே மாத்திப்போடறேன்."

"வேண்டாமுங்கப்பா. அதே தேதிக்கு வேற படம் வருதுங்க."

"அது யாரு படம்டா?"

கதிரேசன் முழிச்சான். போனைத் தடவிப் பார்த்துட்டுச் சொன்னான்: "புதுப் பையனுங்க. நல்லா நடிப்பானாமா."

"பேர் தெரியாதவனுக்கோசரம் கல்யாணத்தைத் தள்ளறியேடா! நீ சோத்தைத்தான் திங்கறியா?"

அந்த வெள்ளிக்கிழமையும் வந்துச்சு. விடியக் கருக்கல்ல பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான். அப்பன் கண்ணுல படறாப்பல முந்தின நாளே டிவி மேல வெச்ச டிக்கெட்டு அங்கயே கிடந்துச்சு.

'கல்யாணத்தையே தள்ளி வெச்சு வாங்குன டிக்கெட்டு. இதையும் உட்டுப்போட்டுப் போயிருக்குது பாரு, முட்டாள்'னு முணுமுணுத்துக்கிட்டே, ஆறுச்சாமி அதை மடியில முடிஞ்சுட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறினார்.

தியேட்டர் வாசல்ல போன் போட்டார். "எங்கடா இருக்கறே?"

"தியேட்டர்லதானுங்கப்பா. ஒரே கூட்டமுங்க."

"நானும் அதே தியேட்டர் வாசல்லதாண்டா நிக்கறேன். வாட்ச்மேனையும் என்னையும் தவுத்து ஒருத்தனும் இல்லை."

 கதிரேசன் ஒரு காலேஜு பேரைச் சொல்லி, "இங்க வாங்கப்பா"ன்னான்.

அங்க போனா, காலேஜு கேட்டுக்கு எதுத்தாப்பல மரத்தடியில நிக்கறான். தோள்ல ஒரு பொம்பளைப் புள்ளை பை. கையில ஒரு வாட்ச்சு, ஒரு சோடிக் கம்மல்.

"யாருதுடா இது?"

"இனியாளுதுங்கப்பா. உள்ள ரயில்வே பரீட்சை எழுதறா. கம்மலைக்கூடப் போட்டுட்டுப் போக உடமாட்டீங்கறாங்க. படத்துக்குப் போறோம்னு அவங்கூட்டுல சொல்லிக் கூட்டிட்டு வந்தனுங்க."

"இதை அன்னைக்கே சபையில சொல்றதுக்கென்னடா?"

"பரீட்சைன்னு சொல்லியிருந்தா அவங்கப்பா அவளைத் திட்டியிருப்பாரு. சினிமான்னதுனால என்னையத் திட்டினாரு. எனக்குப் பழக்கந்தானுங்களே."

ஆறுச்சாமி அவன் தோள்ல இருந்த பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடிச்சுது. பங்காரு.

"ஏனுங்க சம்பந்தி, புள்ளை போன் எடுக்கமாட்டீங்கறா. நெசமாலுமே படத்துக்குத்தான் போனாங்களா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்குதுங்க."

கதிரேசன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. உள்ள பரீட்சை முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சு.

ஆறுச்சாமி காலேஜு கேட்டைத் திரும்பிப் பார்த்தார். விறுவிறுன்னு நடந்து ரோட்டு முக்குத் திரும்பி நின்னார்.

"என்னங்க சம்பந்தி? ஒண்ணும் காதுல உழுகலைங்க! நானும் அவங்க கூடத்தானுங்க இருக்கறேன். இப்பத்தான் படம் போட்டாங்க!"

சொல்லிப்போட்டு, ரெண்டு விரலை வாய்க்குள்ள உட்டு, போனுக்கு நேரா, களத்துக் காக்காயெல்லாம் பறந்து போறாப்பல அடிச்சார் பாருங்க ஒரு விசில்!