பின்னாலேயே வந்த சாமி

சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த புஞ்சையில் இந்த வருசமாவது மிளகாய் போட்டுவிட வேண்டுமென்று முத்திருளாண்டி மரம் மரமாகத் தோண்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் கஞ்சி குடிக்கப் போகும்போது கடப்பாரையைக் குழியிலேயே ஊன்றிவிட்டுப் போனார்.

அவருடைய வெள்ளாடு குழிக்குள் எட்டிப் பார்த்தது.

“ஆத்தாடி! எம்புட்டு ஆழம், அண்ணே!”

“போன வருசம் அரிவாளால வெட்டுனாங்க, தாயி. வெட்டுன எடத்துலயே கொத்தாத் தழைச்சிருச்சு. இப்ப வேரோட தோண்டுறோம்,” என்றது கடப்பாரை. “தண்ணியத் தேடி எது வரைக்கும் போயிருக்குன்னே தெரியல. என் ஆயுசுல இப்படி ஒரு வேரைப் பார்த்ததில்ல.”

“இதையெல்லாம் யாருண்ணே நடுறாங்க?” ஆடு கீழே உதிர்ந்து கிடந்த மஞ்சள் கருவேல நெற்றை மென்றது. “கண்மாய்க் கரையில, தொழுவத்துல, நான் படுக்குற எடத்துல எல்லாம் மொளைச்சு நிக்குது. ஆளு கண்ணுல பட்டதே இல்ல. பெரிய சாமியாத்தான் இருக்கணும்.”

“எந்தச் சாமியா இருந்தாலும் என் முன்னால வரட்டும், பேசிக்கிறேன்.”

ஆடு பயபக்தியோடு நெற்றை விழுங்கியது. பிறகு, சுத்தம் செய்த நிலத்தில் வளைந்து வளைந்து நடந்து, வழியெல்லாம் புழுக்கை போட்டபடி வீட்டுக்குப் போனது.

மழை பெய்து ஓய்ந்த சில நாளில், முத்திருளாண்டி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு மிளகாய் விதையோடு வந்தார். ஆடு முன்னால் ஓடியது. புஞ்சையில் சீமைக்கருவேலங் கன்றுகள் வளைந்து வளைந்து போகும் வரிசையாக முளைத்து நின்றன.

ஆட்டுக்கு மயிர் சிலிர்த்தது.

“அண்ணே! அன்னைக்கு நான் நடந்த தடம் அப்படியே இருக்கு பாருங்க! சாமி என் பின்னாலேயே வந்திருக்காரு. நான்தான் திரும்பிப் பார்க்கல!”