ஒரே பாட்டில்

மாரத்தான் ஆசை நித்திலாவுடையது. வசுமதி அவளுக்குத் துணையாகச் சேர்ந்தவள். பயிற்சிக்கு இருவருக்கும் ஒரே தண்ணீர் பாட்டில்; அண்ணாந்துதான் குடிப்பார்கள்.

பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது வசுமதிக்குச் சளி பிடிக்கத் தொடங்கியிருந்தது. சொன்னால் தோழி தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவாள் என்று சொல்லாமல் ஓடினாள். மூக்கடைப்பில் அண்ணாந்ததும் புரையேறியது. நித்திலா குனிந்து ஷூ லேஸைக் கட்டிய நேரத்தில், வாய் வைத்துக் குடித்துவிட்டு மூடினாள்.

பந்தயத்தன்று வசுமதி தனியாக ஓடினாள். சளி போயிருந்தது. பாலத்து இறக்கத்தில், காதை மூடி ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி நித்திலா நின்றிருந்தாள். கையில் அதே பாட்டில். வசுமதி வாங்கி அண்ணாந்தாள்.

“இன்னைக்கும் வாய் வச்சே குடிடி,” என்றாள் நித்திலா.

மூக்கு அடைத்திருக்கவில்லை. ஆனாலும் புரையேறியது.