தராசில் ஏறாத ஆந்தை

"இது போலி. பார்த்தவுடனே தெரியுது" என்று பக்கத்திலிருந்த தையல்காரரின் காதைக் கடித்தார் இன்ஸ்பெக்டர்.

தையல்காரர் காதில் விழாதவர் போல டீயை ஊதினார்.

பழங்காசு சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். செயலாளர் வீட்டு ஹாலில் ஏழு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கறுப்பு வெல்வெட் துணி. அதன்மேல், சங்கத்தில் சேர்ந்து மூன்றே மாதமான பல் டாக்டர் கொண்டுவந்த கிரேக்க வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ஏதென்ஸ் தேவியின் முகம், மறுபக்கம் முட்டைக்கண் ஆந்தை.

"என் பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக் கொடுத்தா" என்றார் டாக்டர். யார் பல்லையும் அசராமல் பிடுங்குகிறவர் காசைத் துணியின் நடுவில் மூன்று தரம் நகர்த்தி வைத்தார். கூடவே வந்திருந்த மகள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் எடையளவுத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர். எத்தனையோ கள்ளத் தராசுகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர். ரிட்டயர் ஆனபிறகு பிடிக்க ஆள் இல்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது.

அதோடு அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் கொண்டுவந்த அலெக்சாண்டர் காசில் சங்கத்தில் ஒருவர்கூடக் குறை கண்டுபிடிக்கவில்லை. மறுநாளே அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துத் தன் வீட்டு ஹாலில் மாட்டிவிட்டார். சிலிண்டர் கொண்டுவருகிறவர்கூட அந்தக் கதையைக் கேட்காமல் வாசல் தாண்ட முடியாது.

ஆந்தை கைமாறியது.

"கண்ணைப் பாருங்க, எப்படி முழிக்குது! அருமை" என்றார் தையல்காரர்.

"அருமை" என்றார் அடுத்தவர். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார்.

இன்ஸ்பெக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தார். காசின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு. அந்தக் காலத்தில் சுத்தியலால் அடித்துத்தான் காசு செய்தார்கள். இது அச்சில் வார்த்தது. இரண்டு அச்சும் சேர்ந்த இடம் பல்லை இளித்தது.

"தராசை எடுங்க! இது பதினேழு கிராமாவது இருக்கணும்" என்று மேஜை டிராயரை இழுத்தார்.

"சார், கொஞ்சம் உள்ளே வாங்களேன்" என்று செயலாளர் எழுந்தார். "பிஸ்கட் டப்பா திறக்க மாட்டேங்குது."

சமையலறையில் டப்பா மூடி தொட்டதுமே கழன்று வந்தது.

"என்னய்யா நடக்குது?" என்றார் இன்ஸ்பெக்டர். "போன மாசம் தையல்காரர் காசை என்ன பாடு படுத்தினீங்க! எடை குறையுது, மூக்கு தேஞ்சிருக்குன்னு ஒரு மணி நேரம் சண்டை. இன்னிக்கு ஒரு போலியை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடறீங்க?"

"அவரோடது நிஜக் காசு சார். நிஜம்னாதான் நாங்க எடை போடுவோம், குறை சொல்லுவோம். விக்கிறதுக்குக் கொண்டுவந்தா போலியைப் போலின்னு சொல்லித்தான் ஆகணும். ஆசையா வச்சுக்கறவங்ககிட்ட எதுக்கு? தராசையே எடுக்க மாட்டோம். ஒரே வாயா 'அருமை'ன்னு சொல்லிட்டு டீயைக் குடிச்சிடுவோம்."

"எனக்கு இது தெரியவே தெரியாதே! எப்பலேர்ந்து இப்படி?"

செயலாளர் பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்குவதில் மும்முரமாகிவிட்டார். "அது ஆச்சு சார், கொஞ்ச வருஷம்..."

இன்ஸ்பெக்டர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாவமாக இருந்தது. இந்தப் பெண் முகம் வாடினால் ராத்திரி தனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது.

ஹாலுக்கு வந்தார். திறந்து கிடந்த டிராயரை முழங்காலால் தள்ளி மூடினார். ஆந்தையை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"தராசெல்லாம் எதுக்கு? அருமையான காசு டாக்டர்!"

முப்பது வருஷ சர்வீஸில் சொல்லாத பொய். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது. தான் எவ்வளவு பெரிய மனுஷன் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மகள் அப்பாவின் தோளைக் கட்டிக்கொண்டாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்க அலெக்சாண்டர் காசையும் இப்படித்தான் தராசுலகூட வைக்காம எல்லாரும் 'அருமை'ன்னாங்கன்னு சொல்லுவீங்களே சார்! இன்னிக்கு என் ஆந்தையும் அந்த வரிசையில சேர்ந்துடுச்சு!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரர் அவசரமாக டம்ளரை எடுத்து ஊதினார். அதில் டீ தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது.