பால் காய்ச்சாத வீடு

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைக் கொடிகளுக்கு நடுவே எழும்பிய நகரில் சௌந்தரபாண்டி பங்களா வாங்கிப் பல வருஷமாகிறது. இன்னும் பால் காய்ச்சவில்லை. அடுப்புப் பற்றவைத்தால் அது ஆள் புழங்கிய வீடு. வீட்டின் அன்றைய விலையைக் காட்டி வாசலில் ஓடும் விலைப்பலகையில் எண் அப்போதே பாதியாக இறங்கிவிடும். அதனால் அந்தத் தெருவின் மற்ற சீமான்களைப் போலவே அவனும் எதிரே தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருந்துகொண்டு, தன் பங்களாவைக் கண்ணாரப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

அன்றைய மழையில் கொட்டகை ஒழுகியது. மனைவி மகிழினி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பங்களாவுக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள்.

“அடியே, அணைச்சிரு! பிள்ளையோட எதிர்காலமே போச்சு!” சௌந்தரபாண்டி வாசலில் நின்று அலறினான். உள்ளே போக முடியாது. இன்னொரு ஆள் கால் வைத்தால் விலை இன்னும் இறங்குமே.

“பிள்ளைக்கு இப்பக் குளிருதுங்க” என்றாள் அவள். பால் பொங்கியது.

தெரு முழுக்க விலைப்பலகைகளில் எண்கள் சரிந்தன. கொட்டகைகளிலிருந்து சனம் திமுதிமுவென்று வெளியே வந்தது.

“அநியாயத்தைப் பாருங்கய்யா, சொந்த வீட்டுக்குள்ள போயிக் குடியிருக்கா!” என்று நனைந்துகொண்டே திட்டியது.