ஏழும் ஐந்தும் பதின்மூன்று

"ஏழும் அஞ்சும் எவ்வளவு?"

"பதிமூணு" என்றாள் பெரியவள், கொஞ்சமும் யோசிக்காமல்.

அம்மா பெருமூச்சு விட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பச்சைப் பட்டாணியைப் பரப்பினாள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஐந்து. எண்ணச் சொல்வதற்குள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கை முளைத்து, இரண்டைப் பொறுக்கிக்கொண்டு மறைந்தது.

கீழே இரண்டு வயது இரட்டையர். ஒருவன் இரண்டு பட்டாணியையும் வாயில் போட்டுக்கொண்டான். பங்கு கிடைக்காத மற்றவன், அந்த ஆத்திரத்தில் அம்மாவின் கால் கட்டைவிரலைக் கடித்தான்.

"சரி, இப்ப மிச்சம் இருக்கிறதை எண்ணு" என்றாள் அம்மா, காலை இழுத்துக்கொண்டே.

"பதினொண்ணு."

இருந்தது பத்து.

பெரியவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். இடுப்பில் ஒன்று, தள்ளுவண்டியில் ஒன்று, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்று ஒரு வருடம் அலைந்த பிறகு, "போதும்டா சாமி, இனிமே வீட்டுலயே நான் சொல்லிக்குடுத்துக்கறேன்" என்று அம்மா முடிவெடுத்துவிட்டாள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு கரும்பலகை வாங்கி வந்து, மட்டம் பார்த்து, லிஃப்ட்டே மாட்டலாம் என்கிற அளவுக்குத் தடியான நான்கு போல்ட் போட்டு முடுக்கிக் கொடுத்தார்.

முதல் இரண்டு நாள் எல்லாம் ஜோராக நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாணென்று பதில் வந்தது. இருபதே நிமிடத்தில் அம்மா "சமத்துக்குட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, புத்தகத்தை மூடி, இரட்டையரைக் குளிப்பாட்டப் போனாள்.

மூன்றாம் நாள்தான் வண்டி மக்கர் செய்தது. கூட்டல் தப்பு, கழித்தல் தப்பு, நேற்று எழுதிய எழுத்து இன்று மறந்துபோனது. அம்மாவும் விடுவதாயில்லை. பெரியவளை மடியோடு அணைத்து, விரலைப் பிடித்து எழுதவைத்தாள். இருபது நிமிடப் பாடம் இரண்டு மணி நேரமாக வளர்ந்தது. கூடத்தில் இரட்டையர் மாவு டப்பாவைக் கவிழ்த்து அதில் நீச்சலடித்த அன்றுகூட அம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. அப்பாதான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, காலையில் அவர்களைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்.

"எனக்குச் சொல்லிக்குடுக்கவே தெரியலைங்க" என்று ஒருநாள் அவரிடம் அம்மா கண்ணைக் கசக்கினாள்.

"ஒண்ணுகூடவா சரியா வரல?"

"ஒண்ணுகூட."

"அதெப்படி? கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாக்கூட பத்துல ஒண்ணு தப்பித் தவறி சரியா வந்துடுமே."

"உங்க பொண்ணுக்குத் தப்பித் தவறிகூட வரல."

வீட்டில் படிக்கும் பிள்ளைகளை மூன்று மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்து சோதிப்பார்கள். தேறாவிட்டால் பள்ளிக்கூடம்தான். சோதனைக்கு முந்தின நாளே அம்மா பெரியவளை உட்காரவைத்துச் சொன்னாள்: "நாளைக்கு மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இல்லேன்னா உன்னை மறுபடியும் ஸ்கூல்ல சேர்த்துடுவாங்க. அப்புறம் அம்மா பக்கத்துல உக்காந்து சொல்லிக்குடுக்க முடியாது."

பெரியவள் தலையாட்டினாள்.

மறுநாள் வந்த அதிகாரியம்மா கனத்த கண்ணாடியும் கனத்த பையுமாக இருந்தார். "நீங்க உள்ளே இருங்க. பக்கத்துல நின்னா அம்மாங்க கண்ணாலயே பதிலைச் சொல்லிடறாங்க" என்று சமையலறையைக் காட்டினார்.

அம்மா இரட்டையரை அள்ளிக்கொண்டு உள்ளே போய், கதவில் காதை வைத்தாள். "பதினாறும் ஒம்பதும் எவ்வளவு?" என்ற கேள்வி தெளிவாகக் கேட்டது. பதில் வரும் நேரம் பார்த்து ஒருவன் தட்டைக் கரண்டியால் அடித்தான். அவன் ஓய்ந்தால் மற்றவன் மூடியைத் தட்டினான்.

பத்தே நிமிடத்தில் கதவு திறந்தது. "முடிஞ்சுதும்மா" என்றார் அதிகாரியம்மா.

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். அத்தனை கேள்விக்குப் பத்து நிமிடம் எப்படிப் போதும்? பாதியிலேயே கைகழுவிவிட்டார் போலிருக்கிறது.

"மேடம், தப்பு என்னோடதுதான். இன்னும் மூணே மாசம் டைம் குடுங்க. இந்த ரெண்டு வாலையும் வெச்சுக்கிட்டு..."

"டைம் எதுக்கு?" அதிகாரியம்மா விடைத்தாளை நீட்டினார். "இருபதுக்கு இருபது. கடைசி ரெண்டு கணக்கு ரெண்டாம் வகுப்போடது. அதையும் போட்டுட்டா. எப்படிம்மா சொல்லிக்குடுத்தீங்க?"

அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து பெரியவளுடையதுதான்.

"பட்டாணி வெச்சு..." என்றாள், வேறொன்றும் தோன்றாமல்.

அதிகாரியம்மா அதையும் குறித்துக்கொண்டு கிளம்பினார். அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அம்மா கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த பெரியவள் ஆட்டுவதை நிறுத்தினாள்.

"எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு, என்கிட்ட மட்டும் ஏண்டி மூணு மாசமாத் தப்புத் தப்பாச் சொன்னே?"

பெரியவள் தம்பிகள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு அம்மாவின் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னாள்:

"சரியாச் சொன்னா நீ எழுந்து போயிடறியேம்மா."